கடல் நடுவே ஒரு குடித்தனம்

எங்கள் விருதுநகர்ப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குக் கடல் என்றால் வருஷத்துக்கு ஒரு தடவை திருச்செந்தூர், அவ்வளவுதான் சம்பந்தம். நான் சென்ற பிப்ரவரியில் பத்து நாள் அந்தமானில், போர்ட் பிளேரில் இருந்துவிட்டு வந்தேன். "உல்லாசப் பிரயாணமா?" என்று தெருவில் எல்லோரும் கேட்டார்கள். உல்லாசமும் இல்லை, ஒன்றும் இல்லை. குடித்தனம் வைக்கலாமா, வேண்டாமா என்று பார்த்துவரப் போனேன். எனக்கு இல்லை, சிவகாசியில் இருக்கும் என் அக்கா மகளுக்கு.

அவள் வீட்டுக்காரர் ஹெலிகாப்டர் ஓட்டுபவர். முதலில் கடற்படையில் இருந்தார். நம்ம ராமநாதபுரம் பக்கம் உச்சிப்புளியில் 'பருந்து' என்று கடற்படை விமானத் தளம் இருக்கிறதே, அங்கேயும் சில வருஷம் வேலை பார்த்தார். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் வெளியே வந்து, ஒரு தனியார் கம்பெனியில் சேர்ந்து, பம்பாயிலிருந்து கடலுக்குள் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆட்களை ஏற்றிப்போய் இறக்கிக்கொண்டிருந்தார். பிரசவத்துக்கு வந்தவள், பிள்ளைக்கு ஒரு வயசு முடியட்டும் என்று அம்மா வீட்டிலேயே இருந்தாள். பிள்ளைக்குப் பதினாலு மாசம் ஆகும்போது கம்பெனியிலிருந்து கேட்டார்கள்: "போர்ட் பிளேருக்கு இரண்டு வருஷம் போகிறீர்களா?"

இரண்டு வழி சொன்னார்களாம். அவர் மட்டும் போனால் ஆறு வாரம் அங்கே, மூன்று வாரம் வீட்டில். குடும்பத்தோடு போனால் வீட்டு வாடகை கம்பெனி தரும். ஆனால் அடிக்கடி லீவு கிடையாது.

அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "அவர் மட்டும் போகட்டும். பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு நடுக்கடல்ல என்ன செய்வா?" மாப்பிள்ளைக்கோ மனைவியும் பிள்ளையும் கூட வர வேண்டும் என்று ஆசை. பெண் இரண்டு பேர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் "ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க" என்று அத்தான்தான் சொன்னார். அக்காவுக்கு முழங்கால் வலி. ஆகவே பிள்ளையைப் பிடிக்க நான்!

போவதற்கு முன் ஒரு விஷயம் எனக்கு விளங்கவில்லை. அந்தமானுக்குத்தான் தினமும் விமானம் போகிறதே, அந்த விமானிகள் எல்லாம் அங்கேயா குடியிருக்கிறார்கள்? இல்லையாம். பெரிய விமானங்களை ஓட்டுகிறவர்கள் சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ வந்து, ஆட்களை இறக்கி ஏற்றிக்கொண்டு அப்படியே திரும்பிவிடுவார்கள். அங்கேயே வீடு பிடித்து அரிசி பருப்பு வாங்கிக் குடியிருப்பவர்கள் வேறு. கடற்படை, கடலோரக் காவல் படை, விமானப் படைக்காரர்கள் ஒரு பக்கம். தீவு நிர்வாகத்துக்காகத் தீவுக்குத் தீவு பறக்கும் ஹெலிகாப்டர் விமானிகள் ஒரு பக்கம். 1985-ல் ஆரம்பித்த பவன் ஹன்ஸ் அங்கே நெடுங்காலம் ஹெலிகாப்டர் ஓட்டிய கம்பெனி. நம்ம பக்கத்தில் ஒரு ஊருக்கு டவுன் பஸ் எப்படியோ, தூரத்துத் தீவுகளுக்கு ஹெலிகாப்டர் அப்படி. பஸ்ஸில் பிள்ளைத்தாய்ச்சிக்கு இடம் விடுவதுபோல, அதில் நோயாளிக்குத்தான் முதல் இடம்.

பொதிகை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, காலையில் சென்னை. அங்கிருந்து விமானம், இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். தூரம் சுமார் 1,350 கிலோமீட்டர். கீழே பார்த்தால் நீலம், நீலம், இன்னும் நீலம். ஒரு படகுகூட இல்லை. மாப்பிள்ளை வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். இந்த மார்க்கத்தில் போகும் விமானிகள், போர்ட் பிளேரில் இறங்க முடியாவிட்டால் மறுபடி கரைக்கே திரும்பி வரும் அளவுக்கு எரிபொருள் போட்டுக்கொண்டுதான் கிளம்புவார்களாம். மழை நாளில் அப்படித் திரும்பி வந்ததும் உண்டாம். விமான நிலையத்தின் ஒரு கோடியில் மலை இருப்பதால் பெரும்பாலும் ஒரே திசையிலிருந்துதான் இறங்குவார்கள், வந்த பக்கமாகவே திரும்பி ஏறுவார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவருக்கு அது சும்மா தொழில் பேச்சு.

அவர் சொன்ன இன்னொரு கதையையும் எழுத வேண்டும். இப்படித் தீவில் குடியிருந்து விமானம் ஓட்டுவது நம் நாட்டில் மட்டும் இல்லை. பசிபிக் சமுத்திரத்தில் குவாம் என்று ஒரு தீவு, அமெரிக்காவைச் சேர்ந்தது. அங்கே ஒரு பெரிய விமானக் கம்பெனி விமானிகளைக் குடும்பத்தோடு குடி வைத்திருக்கிறது. 1968-லிருந்து அங்கே தீவு தீவாகத் தொட்டுப் போகும் ஒரு விமானம் உண்டு. குவாமில் கிளம்பி, நடுவில் சின்னச் சின்னத் தீவுகளில் நின்று, ஹவாய்த் தீவு ஹோனலூலுவில் போய் முடியும். வழியில் ரிப்பேர் பார்க்க ஆள் கிடையாது என்பதால் மெக்கானிக்கையும் உதிரிச் சாமான்களையும் கூடவே ஏற்றிக்கொண்டு போவார்கள். அங்கே போகலாமா என்று யோசிக்கும் அமெரிக்க விமானிகளும் நம்மைப் போலத்தான் கேட்கிறார்களாம்: வாடகை என்ன, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எப்படி, புயல் எத்தனை, ஆஸ்பத்திரி எப்படி என்று. 2023 மே மாதம் 'மாவார்' என்ற சூறாவளி அந்தத் தீவைப் புரட்டிப் போட்டது. இன்னொரு வேடிக்கை, அங்கே ஒரு வகை மரப்பாம்பு மின்சாரக் கம்பத்தில் ஏறிக் கரண்டையே நிறுத்திவிடுமாம்! அந்தப் பாம்பு தின்று தின்று, தீவின் காட்டுப் பறவைகள் பெரும்பாலும் அற்றுப்போய்விட்டன. "பாம்பு இல்லாத ஊராப் பாருங்க மாப்பிள்ளை" என்றேன். மாலத்தீவில் தண்ணீரிலேயே இறங்கும் சிறு விமானம் ஓட்டுபவர்கள் அரைக்கால் சட்டையும் வெறுங்காலுமாகவே ஓட்டுவார்கள் என்றும் சொன்னார். அதைக் கேட்டு என் அக்கா மகள் அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் ஆட்டோக்காரர் முதல் கறிகாய்க்காரம்மா வரை வாயில் வருவது பழைய பெயர்தான். நானும் அப்படியே எழுதுகிறேன். விமான நிலையத்துக் கட்டடம் 2023-ல் திறந்தது, சிப்பி வடிவம், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. வெளியே வந்தால் ஊர் முழுக்க மேடும் பள்ளமும். நம்ம ஊரில் தெரு நீட்டுக்குப் போகும். அங்கே தெரு ஏறும், இறங்கும். பால் வாங்கப் போனாலும் மூச்சு வாங்கும்.

அடுத்து நம்மைத் திகைக்க வைப்பது வெளிச்சம். கடிகாரம் நம் கடிகாரம்தான், சூரியன் மட்டும் முந்திக்கொள்கிறது. காலை ஐந்தே முக்காலுக்கு வெயில். சாயங்காலம் ஐந்தரைக்கு விளக்கு வைக்க வேண்டும். டிசம்பரில் ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடுமாம். ஆறு மணிக்கு மேல் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நாங்கள் இருவரும் முழித்தோம். இரண்டாம் நாளிலிருந்து சமையலை நாலரைக்கே ஆரம்பித்தோம், சரியாகிவிட்டது.

செல்லுலார் ஜெயிலை ஒரு நாள் போய்ப் பார்த்தோம். 1906-ல் கட்டி முடித்தது. தனித்தனி அறை, ஒருத்தர் முகம் ஒருத்தர் பார்க்க முடியாதபடி. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் பார்க்கப் போனது அடுப்படியை.

முதலில் தண்ணீர். விருதுநகர்க்காரி தண்ணீரைத்தானே முதலில் கேட்பாள்! அங்கே வருஷத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. நம் ஜில்லாவில் பெய்வதைப்போல மூன்று மடங்குக்கு மேல். மே மாதம் பிடித்தால் டிசம்பர் வரை மழைதான். அப்படியும் மார்ச், ஏப்ரலில் குழாயில் தினமும் தண்ணீர் வராது என்றால் நம்புவீர்களா? ஊருக்குத் தண்ணீர் தனிக்காரி என்ற அணையிலிருந்து வருகிறது. மழையெல்லாம் மலைச்சரிவில் ஓடிக் கடலில் விழுந்துவிடும், பிடித்து வைக்க இடம் குறைவு. வீட்டுக்கு வீடு மொட்டை மாடியில் கறுப்புத் தொட்டி. நாங்கள் பார்த்த மூன்று வீடுகளில் ஒன்றில் கூரையில் விழும் மழையைத் தொட்டிக்கு விடும் குழாய் இருந்தது. "இந்த வீடுதான்" என்று நான் அப்போதே மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். மாப்பிள்ளைக்கோ மாடியிலிருந்து கடல் தெரியும் வீடு பிடித்திருந்தது. கடல் தெரிந்தால் குடிக்கவா முடியும்?

கறிகாய் விலை கேட்டால் தலை சுற்றுகிறது. தேங்காய், வாழை, மீன், சில கீரைகள், இவை உள்ளூர். வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு எல்லாம் பெரும்பாலும் சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. கப்பல் இரண்டு நாள் பிந்தினால் தக்காளி விலை ஏறிவிடும். பால் கிடைக்கிறது, ஆனால் நம்ம ஊர் மாதிரி வாசலில் கறந்து ஊற்ற மாட்டார்கள். அநேகம் வீடுகளில் பால் பவுடர் டப்பா ஒன்று எப்போதும் இருக்கிறது. மின்சாரம் பெரும்பாலும் டீசல் எஞ்சினில் எடுப்பது. அந்த டீசலும் கப்பலில்தான் வர வேண்டும். நாங்கள் இருந்த பத்து நாளில் மூன்று தடவை கரண்டு போனது.

அபர்தீன் பஜாரில் ஒரு மளிகைக் கடைக்குப் போனோம். வத்தல் வாங்கலாம் என்று கேட்டால், கடைக்கார அம்மா என் பேச்சைக் கேட்டுவிட்டு, "எந்த ஊரு நீங்க?" என்றாள். விருதுநகர் என்றேன். "எனக்குச் சாத்தூரு!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மாமனார் காலத்தில் வந்த குடும்பமாம். கடைச் சுவரில் தொங்கிய காலண்டரின் அடியில் பார்த்தேன், சிவகாசியில் அச்சடித்தது. கல்லாப்பெட்டி மேல் இருந்த தீப்பெட்டியும் நம்ம பக்கத்துத் தீப்பெட்டி. என் அக்கா மகள் அந்தத் தீப்பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

தமிழ் ஆட்கள் அங்கே குறைவில்லை. 2011 கணக்கெடுப்பில் தீவுகளின் மொத்த ஜனத்தொகை சுமார் 3,80,000. அதில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்குத் தாய்மொழி தமிழ். வங்காளிகள் அதிகம். தெலுங்கர், மலையாளி, ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், நிக்கோபார்க்காரர்கள் எல்லோரும் உண்டு. தெருவில் பொதுப் பேச்சு இந்தி. இலங்கையிலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்களைக் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் குடி வைத்ததும் உண்டு. ஊருக்குள் வெற்றிமலை முருகன் கோயில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை போனோம். தூரத்திலிருந்தே விபூதி வாசனை வந்ததும் எனக்கு மனசு இறங்கி நின்றது.

அடுத்தது வைத்தியம். சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் இதைக் கேட்காமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். போர்ட் பிளேரில் ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரி இருக்கிறது. 2015-லிருந்து மருத்துவக் கல்லூரியும் உண்டு. தடுப்பூசி, காய்ச்சல், பிரசவம் இதற்கெல்லாம் கவலை இல்லை. பெரிய சிகிச்சை என்றால் பலர் சென்னைக்குத்தான் வருகிறார்கள். கொசுவலை கட்டாமல் படுக்கவே கூடாது. கடற்கரையில் ஒரு வகை மணல் பூச்சி கடித்தால் வாரக்கணக்கில் அரிக்கும். பிள்ளையை மணலில் உட்கார வைப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார்கள். சில கடற்கரைகளில் முதலைப் பயம். பலகை வைத்திருக்கும் இடத்தில் காலைக்கூட நனைக்கக் கூடாது. மழைக்காலத்தில் துணி காயாது, பீரோவுக்குள் பூஞ்சை பிடிக்கும். வெள்ளைப் பட்டுச் சேலை எடுத்துப் போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் விசாரித்து ஒரு காகிதத்தில் எழுதினேன். மாப்பிள்ளையும் ஒரு காகிதம் வைத்திருந்தார். அதில் இருந்தது சம்பளம், மாசத்துக்கு எத்தனை மணி பறக்கலாம், எந்த மாடல் ஹெலிகாப்டர், லீவு எத்தனை நாள். இரண்டு காகிதத்திலும் பொதுவாக ஒரு வரிகூட இல்லை! அவரைக் குறை சொல்லவில்லை. அவர் பறப்பது நாளைக்கு நாலு மணி நேரமோ ஐந்து மணி நேரமோ. மிச்சமுள்ள நேரம் முழுவதும் அந்த வீட்டில் இருக்கப் போவது யார்?

இனி நான் சொல்ல வருவது எந்தக் காகிதத்திலும் வராத விஷயம்.

அங்கே ஏற்கெனவே நாலு வருஷமாக இருக்கும் ஒரு மூத்த விமானியின் மனைவி, கோயம்புத்தூர்ப் பெண், எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். "வாங்க, உட்காருங்க, அவர் மூணு மணிக்கு வந்துடுவாருங்க" என்றார். அவர் வீட்டுக்காரர் அன்று லிட்டில் அந்தமான் தீவுக்குப் போயிருந்தார். 120 கிலோமீட்டர். அங்கே ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, போர்ட் பிளேருக்குக் கொண்டுவர வேண்டும். கப்பலில் ஏழெட்டு மணி நேரம் ஆகும். ஹெலிகாப்டரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. இன்னும் தெற்கே, கடைசித் தீவில் இருக்கும் கேம்பல் பே 500 கிலோமீட்டருக்கும் அப்பால். அங்கிருந்து கப்பல் என்றால் ஒன்றரை, இரண்டு நாள்.

மூன்று மணி ஆனது, வரவில்லை. மூன்றே முக்கால். பிப்ரவரியில் மழை இல்லாத காலம்தான், ஆனாலும் தெற்கே திடீரென்று மேகம் கூடியிருந்தது. அந்தப் பெண் எங்களுக்கு ரசம் ஊற்றினார், அப்பளம் வைத்தார், என் பேரனுக்குச் சோறு பிசைந்தார். பேச்சு நிற்கவில்லை. ஆனால் ஏதாவது சத்தம் வந்தால் கை மட்டும் அரை நிமிஷம் நின்றது. ஆட்டோ சத்தம் என்றால் மறுபடி பிசைந்தார். மணி நாலரை இருக்கும், தூரத்தில் 'டப டப' என்று கேட்டது. அவர் ஜன்னலுக்குக்கூடப் போகவில்லை. "இதுதாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

நான் என் அக்கா மகளைப் பார்த்தேன். அவள் கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள்.

சகோதரிகளே, சிவகாசிப் பக்கத்தில் வாழாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் அத்தான் முப்பது வருஷமாகப் பட்டாசுத் தொழிற்சாலையில் ஃபோர்மேன். எங்கள் பக்கத்தில் பகலில் 'டொம்' என்று ஒரு சத்தம் கேட்டால், எந்தப் பெண்ணும் அடுப்படியில் நிற்க மாட்டாள். கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவாள். எந்தத் திசையில் புகை, எந்த ஊர்ப் பக்கம், யார் வீட்டு ஆள் அங்கே வேலை, இதைத் தெரு முழுவதும் ஒரு நிமிஷத்தில் கணக்குப் போட்டுவிடும். அதற்கப்புறம் சைக்கிள் சத்தத்துக்கும் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் காது கொடுத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் நடந்ததை நாங்கள் மறக்க மாட்டோம். முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள். அன்று அத்தான் வேலை பார்த்தது வேறு இடம்; அது தெரிந்து, அவர் சைக்கிளை வாசலில் நிறுத்தும் வரை அக்கா நின்ற நிலை எனக்குத் தெரியும். அப்போது கல்லூரிக்குப் போகும் வயசுக்கு வந்திருந்த இந்தப் பெண், அம்மா பக்கத்தில் அதே வாசலில் நின்றவள்தான்.

அன்று ராத்திரி பிள்ளை தூங்கின பிறகு அவள் கேட்டாள், "சித்தி, அம்மா எங்கயாவது ஓடிப் போயிட்டாங்களா? அங்கேயேதான இருந்தாங்க?"

நான் பதில் சொல்லவில்லை. அவளே பேசினாள். "சிவகாசியில உக்காந்துக்கிட்டு இவரு எங்க பறக்காருன்னு தெரியாம ஆறு வாரம் போனப் பாத்துக்கிட்டு இருக்கிறதவிட, சத்தம் கேக்கிற இடத்துல இருந்துட்டுப் போறேன்."

எனக்குப் பட்ட நியாயத்தையும் நான் சொல்லத்தான் வேண்டும். கூட இருந்தால் ஆபத்து குறைந்துவிடாது. அடுத்த நாளே நாங்கள் சிப்பிகாட் என்ற இடத்தைத் தாண்டிப் போனோம். ரோட்டோரம் ஏரி மாதிரி தண்ணீர். ஏரி இல்லையாம். 2004 டிசம்பர் 26-ம் தேதிப் பூகம்பத்தில் நிலம் தாழ்ந்து, வயலுக்குள் கடல் வந்தது, திரும்பிப் போகவில்லை. அதே நாளில் கார் நிக்கோபாரில் விமானப் படைத் தளத்தைச் சுனாமி அடித்துக்கொண்டு போனது. கடலோரத்தில் இருந்த குடியிருப்புகள், ஞாயிற்றுக்கிழமைக் காலை, எல்லோரும் வீட்டில். விமானப் படைக்காரர்கள், அவர்கள் மனைவிமார், குழந்தைகள் என்று நூறு பேருக்கு மேல் போனார்கள். அந்தத் தளத்து ஹெலிகாப்டர் விமானிகள் சிலர் அன்று காலையிலேயே மேலே கிளம்பி, தண்ணீரில் தவித்தவர்களைத் தூக்கித் தூக்கிக் கரை சேர்த்தார்கள். அப்படிச் சேர்த்தவர்களுக்குத் தங்கள் வீட்டில் என்ன ஆனது என்று அப்போது தெரிந்திருக்குமா?

அதனால்தான் நான் பிடிவாதமாக நின்றேன். கடல் தெரியும் வீடு வேண்டாம், மேட்டு வீடுதான் வேண்டும், அதுவும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில். பூமி ஆடினால் எந்த வழியாக மேட்டுக்கு ஏறுவது என்று முதல் வாரமே நடந்து பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளை கடற்படையில் இருந்தவராயிற்றே, இதற்கு மறுபேச்சுப் பேசவில்லை. மழைத்தொட்டி வீட்டுக்கே முன்பணம் கொடுத்தோம். கோயம்புத்தூர்ப் பெண் சொன்ன யோசனைகளும் நல்லவை. மழை பிடிப்பதற்குள் வந்துவிட வேண்டும், முதல் மழைக்காலத்தை ஊரிலிருந்து யாராவது ஒரு பெரியவர் துணையோடு கழிக்க வேண்டும், வீட்டுக்காரர் பறக்கும் நாளில் தனியாக உட்காராமல் ஏதாவது கை வேலை வைத்துக்கொள்ள வேண்டும். அவர் அங்கே பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார்.

இன்னொன்றும் சொன்னார். முன்பெல்லாம் அம்மாவிடம் வீடியோவில் பேச உட்கார்ந்தால் படம் அசையவே அசையாதாம். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கு அடியில் கேபிள் வந்து சேர்ந்த பிறகு நன்றாகப் பேச முடிகிறதாம். நாங்களும் சாத்தூர்க்கார அம்மா கடையிலிருந்தே அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினோம். அக்கா கடையையும் பார்த்தாள், கடைக்கார அம்மாவையும் பார்த்தாள், சிரிக்கவில்லை.

ஊர் திரும்பிச் சமாசாரத்தைச் சொன்னதும் அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான்தான் பெண்ணின் மனசைக் கலைத்துவிட்டேனாம். அத்தான் ஒன்றும் சொல்லாமல் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். "நம்ம ஊர்க்காரங்களுக்குத் தூரம் புதுசா? ஐய நாடாரும் சண்முக நாடாரும் அந்தக் காலத்துலயே கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கத்துக்கிட்டு வந்தவங்கதான" என்று ஒரு தடவை மட்டும் சொன்னார். "அவுக ஆம்பளைக. கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டா போனாக?" என்று அக்கா வெடுக்கென்று கேட்டாள். அதுவும் நியாயம்தானே!

மூன்றாம் நாள் அக்கா போன் செய்தாள். குசலம் ஒன்றும் விசாரிக்கவில்லை. "அங்க அரிசி புழுங்கலா, பச்சையா?" என்று கேட்டாள். புழுங்கலும் கிடைக்கிறது என்றேன். "மிளகாய்?" என்றாள். கிடைக்கும், ஆனால் நம்ம மிளகாய் மாதிரி இருக்காது என்றேன். "மழையில வத்தல் காயாதுன்னு சொன்னியே. அப்ப இங்கயே போட்டு வச்சிருவோம். நீ ரெண்டு நாள் வந்து இரு."

போனேன். மாசி வெயிலில் மொட்டை மாடியில் மிளகாய் வத்தல், சுண்டைக்காய் வத்தல், கூழ் வடகம் எல்லாம் காய்ந்துகொண்டிருக்க, அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு காக்காய் விரட்டிக்கொண்டிருந்தாள். பீரோ, கட்டில் எல்லாம் அங்கேயே வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. பாத்திரம், கிரைண்டர், பிள்ளையின் தொட்டில் மட்டும் சென்னையிலிருந்து கப்பலில் போகிறது. பங்குனிப் பொங்கல் முடிந்த கையோடு கிளம்புவது என்று நாள் பார்த்தாகிவிட்டது. முதல் மழைக்குத் துணைக்கு யார் போவது என்றுதான் பேச்சு நின்றது. என்னைச் சொல்வார்கள் என்று நான் காத்திருந்தேன். அக்கா வடகத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "அந்த மேட்டு வீட்டுக்கு எத்தனை படி?" என்று கேட்டாள்.

பதினெட்டு என்றேன்.

"மெதுவா ஏறிரலாம்" என்றாள்.